பாக்கெட் வாங்காதவன்

"ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் பிடிச்சீங்க?"

மூன்று வாரமாக விடாத இருமலோடு போயிருந்த என்னிடம் மருத்துவர் இப்படிக் கேட்டார். கணினியில் ஒரு படிவம் திறந்திருந்தது. அதில் ஒரு கட்டம் மட்டும் காலி.

"நான் பாக்கெட் வாங்கினதே இல்ல டாக்டர்."

நிமிர்ந்து பார்த்தார். "சிகரெட் பிடிச்சேன்னு இப்பதான சொன்னீங்க?"

"பிடிச்சேன். ஒண்ணு ஒண்ணா வாங்கிப் பிடிச்சேன்."

கொஞ்சம் யோசித்தார். ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருடம் என்று கேட்டார். ஆறு, பதினாலு வருடம் என்றேன். ஆறை இருபதால் வகுத்து, வந்ததைப் பதினாலால் பெருக்கி, கட்டத்தில் 4.2 என்று நிரப்பினார். அந்த அளவுக்கு 'பேக் இயர்' என்று பெயராம். தினம் இருபது சிகரெட் வீதம் ஓராண்டு பிடித்தால் ஒன்று. ஒரு பாக்கெட்கூட வாங்காத என் பெயரில் கிட்டத்தட்ட நாலே கால் வருடத்துப் பாக்கெட்கள் பதிவாகிவிட்டன.

இருமல் பத்து நாளில் போய்விட்டது, அதை விடுங்கள். ஆனால் அந்தக் கட்டம் மனதில் தங்கிவிட்டது. புகையிலையைப் பற்றி எங்கே எதைப் படித்தாலும் கணக்கு பாக்கெட்டில்தான் இருக்கிறது. வரி பாக்கெட்டுக்கு. எச்சரிக்கைப் படம் பாக்கெட்டின் மேல். உலக நீதிமன்றங்களில் நடந்த பெரிய சண்டைகள் பாக்கெட்டின் முகத்தைப் பற்றி. உலகத்தில் புகையிலை பயன்படுத்துகிறவர்கள் சுமார் 130 கோடிப் பேர், அவர்களில் 80 சதவீதம் பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் அதிகமானோர் இதனால் சாகிறார்கள். அந்த நாடுகளில் என்னைப் போலப் பாக்கெட்டைக் கையில் தொடாமலே பழகியவர்கள் ஏராளம். ஒற்றை சிகரெட், பீடி, சின்னப் பொட்டலத்தில் வரும் வாய்ப் புகையிலை. சட்டம் ஒரு பொருளை மனதில் வைத்து எழுதப்பட்டது, விற்பது இன்னொரு பொருள்.

ஒற்றையாக வாங்குவதில் ஒரு வசதி உண்டு, அதை வாங்காதவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். நான் சிகரெட் பிடிக்கிறவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டதில்லை. பாக்கெட் வைத்திருப்பவன்தான் அந்த ரகம். நான் 'எப்பவாவது ஒண்ணு' ரகம். அந்த எப்பவாவது, நாளுக்கு ஆறு தடவை வந்தது என்பது வேறு விஷயம். ஒவ்வொரு முறை காசு நீட்டும்போதும் இது மட்டும்தான், இதோடு சரி என்ற ஒரு சின்ன நிம்மதி. பதினாலு வருடம் அந்த நிம்மதியை நாளுக்கு ஆறு தடவை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

அன்றாடக் கூலிக்காரருக்கு இது இன்னும் நேரான கணக்கு. பாக்கெட் என்பது அவருக்கு முடங்கிப்போகும் பணம். அன்றைக்கு வந்த காசில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறவர் எண்ணெயையும் சோப்பையும் எப்படி வாங்குகிறாரோ, சிகரெட்டையும் அப்படித்தான் வாங்குவார். பிலிப்பைன்ஸில் இப்படித் துண்டு துண்டாக வாங்குவதற்கு 'டிங்கி' என்றே ஒரு பெயர் உண்டு. மரப்பெட்டியை 'டக டக'வென்று தட்டிக்கொண்டு நெரிசலில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே ஒற்றை சிகரெட் விற்கும் பையன்களை அங்கே 'டகாடக்' பையன்கள் என்பார்கள். சத்தமே விளம்பரம். அதை எந்த விளம்பரத் தடைச் சட்டத்தில் அடைப்பது?

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2003 மே மாதம் ஏற்கப்பட்டு 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதன் 16-வது பிரிவில், சிறுவர்களுக்கு விற்பதைத் தடுப்பது பற்றிய பகுதியில், ஒற்றையாகவும் சின்னப் பாக்கெட்டிலும் விற்பதைத் தடைசெய்ய ஒவ்வொரு நாடும் 'முயல வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. முயல வேண்டும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வர முயல்கிறேன் என்று சொல்கிறவர் வருவாரா மாட்டாரா என்று நமக்குத் தெரியும்.

எச்சரிக்கைப் படங்களை எடுத்துக்கொள்வோம். இதில் வளரும் நாடுகள் பணக்கார நாடுகளுக்குச் சளைத்தவை அல்ல, உண்மையில் பல இடங்களில் முந்தியிருக்கின்றன. கனடாவுக்கு அடுத்து படத்தோடு எச்சரிக்கையைக் கொண்டுவந்தது பிரேசில். உருகுவே பாக்கெட்டின் 80 சதவீதத்தைப் படத்துக்கு ஒதுக்கியது. இந்தியாவில் 2016 ஏப்ரலிலிருந்து 85 சதவீதம். நேபாளம் 90 சதவீதம் என்று அறிவித்தது. தாய்லாந்து 2019-ல் ஆசியாவிலேயே முதலாவதாக, பிராண்டின் நிறமோ சின்னமோ இல்லாத வெற்றுப் பாக்கெட்டுக்கு மாறியது. இதெல்லாம் சும்மா கிடைத்த வெற்றிகள் இல்லை.

ஆனால் நான் வாங்கிய விதத்தை நினைத்துப் பார்க்கிறேன். காசை நீட்டுவேன். கை ஒன்று பாக்கெட்டுக்குள் போய் ஒற்றை சிகரெட்டோடு வெளியே வரும். அது வெள்ளையாக, சுத்தமாக, அப்பாவியாக இருக்கும். பாக்கெட் அங்கேயே தங்கிவிடும். அழுகிய தொண்டையின் படத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர் கடைக்காரர்தான். அவருக்கோ சிகரெட் பழக்கமே இல்லை.

இதற்கு மாற்று உண்டு, அதுவும் நடைமுறைக்கு வந்துவிட்டது. எச்சரிக்கையை சிகரெட்டின் மேலேயே, வடிகட்டியை ஒட்டிய தாளில் அச்சிடுவது. உலகத்திலேயே முதலில் அதைச் செய்தது கனடா, 2023-ல் வந்த விதியின்படி. 'ஒவ்வொரு இழுப்பிலும் விஷம்' என்ற பொருளில் ஒரு வரி சிகரெட்டைச் சுற்றி ஓடும். ஒற்றை விற்பனை பெரிய பிரச்சினையாக இல்லாத நாட்டில், ஒற்றையாக வாங்குகிறவனுக்கான மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது மிகவும் தேவைப்படுகிற நாடுகள் இன்னும் பெட்டியின் சதவீதத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று வாதாடிக்கொண்டிருக்கின்றன.

வரிக்கு வருவோம். புகையிலையைக் குறைப்பதில் வரிக்கு ஈடான ஆயுதம் இல்லை என்பதில் பொருளியல் அறிஞர்களிடையே பெரிய சண்டை கிடையாது. விலை 10 சதவீதம் ஏறினால் பணக்கார நாடுகளில் பயன்பாடு சுமார் 4 சதவீதமும் ஏழை, நடுத்தர நாடுகளில் சுமார் 5 சதவீதமும் குறையும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. சில்லறை விலையில் குறைந்தது 75 சதவீதம் வரியாக இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. வளரும் நாடுகளில் அந்தக் கோட்டைத் தொட்டவை குறைவு.

ஒற்றை விற்பனை இங்கேயும் குறுக்கே வருகிறது. கடையில் ஒற்றைக்கு விலை சொல்லும்போது நாணயத்துக்குத் தோதான எண்ணைத்தான் சொல்வார்கள். பாக்கெட்டுக்குக் கொஞ்சமாக வரி ஏறினால் ஒற்றையின் விலை அசையாமலே இருக்கலாம், கடைக்காரர் தன் லாபத்தில் சிறிது விட்டுக்கொடுத்துப் பழைய காசுக்கே தருவார். பிறகு ஒருநாள் ஒரேயடியாக அடுத்த நாணயத்துக்குத் தாவும். கொஞ்ச நாளாவது நான் ஆறை நாலாகக் குறைத்தது அப்படி ஒரு தாவலின்போதுதான். நிதிநிலை அறிக்கைகளில் வருடாவருடம் தூவிய சின்ன வரிகள் ஒன்றும் என்னைத் தொட்டதாக நினைவில்லை. ஆக, ஏற்றினால் தாவும்படி ஏற்ற வேண்டும் என்பது என் சொந்த அனுபவம் தந்த பொருளாதாரம்.

பிலிப்பைன்ஸ் அதைத்தான் செய்தது. அங்கே சிகரெட்டுக்கு நான்கு அடுக்கு வரி இருந்தது. அதிலும் ஒரு வேடிக்கை, பழைய பிராண்டுகள் எந்த அடுக்கில் வரும் என்பதை 1996-ம் ஆண்டு விலையை வைத்தே முடிவு செய்தார்கள். காலம் ஓடியது, விலைவாசி ஏறியது, அந்த பிராண்டுகள் மட்டும் வரிக்கணக்கில் 1996-லேயே உட்கார்ந்திருந்தன. 2012 டிசம்பரில் அதிபர் மூன்றாம் பெனிக்னோ அகினோ கையெழுத்திட்ட 'பாவ வரி'ச் சட்டம் இதை உடைத்தது. செனட்டில் 10-க்கு 9, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். நான்கு அடுக்கு இரண்டாகி, 2017-ல் பாக்கெட்டுக்கு 30 பெசோ என்று ஒரே வரியானது. கூடுதலாக வந்த பணத்தின் பெரும்பகுதி ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கும், ஒரு பங்கு புகையிலை விளையும் மாகாணங்களுக்கும் போனது. 2009-ல் பெரியவர்களில் 28 சதவீதமாக இருந்த புகைப்பழக்கம் 2015-ல் 23 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. 'டிங்கி' தேசத்திலேயே இது நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அடுக்குகளை ஒழிக்காமல் வரி ஏற்றினால் மக்கள் விடுவதில்லை, ஒரு படி கீழே இறங்குகிறார்கள். இந்தோனேசியாவில் கிராம்பு கலந்த கிரெடெக் சிகரெட், அதில் இயந்திரத்தில் செய்ததற்கு ஒரு வரி, கையால் சுருட்டியதற்கு ஒரு வரி. இந்தியாவில் சிகரெட்டின் நீளத்தை அளந்து வரி போடுவார்கள், பீடிக்குத் தனிச் சலுகை. 2016–17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெரியவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம், பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், மெல்லுவது, ஒதுக்குவது, தேய்ப்பது என்று புகையில்லாப் புகையிலை பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். வரிச் சட்டத்தின் பார்வை பெரும்பாலும் அந்த நாலு சதவீதத்தின் மேலேயே இருக்கிறது.

பீடிக்குச் சலுகை கொடுக்கச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றுதான், பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு. அந்தப் பெண்கள் புகையிலைத் தூளை நாள் முழுக்கச் சுவாசித்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று அடிமட்டக் கூலி வாங்குகிறவர்கள். வரிச் சலுகையில் மிச்சமான பணம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தால் அந்த வாதத்தை நானும் மதித்திருப்பேன்.

பாக்கெட்டை மட்டமாகப் பேசிவிட்டேன் என்று தோன்றலாம். அப்படியில்லை. அந்த அட்டைப்பெட்டிக்காக ஒரு பெரிய நிறுவனம் ஒரு சின்ன நாட்டை ஆறு வருடம் இழுத்தடித்திருக்கிறது. உருகுவே, மக்கள்தொகை சுமார் 35 லட்சம். அதிபராக இருந்த தபாரே வாஸ்கெஸ் புற்றுநோய் மருத்துவர். 2006-ல் பொது இடங்களில் புகைக்கத் தடை கொண்டுவந்தார். அடுத்து, ஒரு பிராண்டுக்கு ஒரே ஒரு வகைதான் என்று விதி வந்தது. தங்க நிறம், நீல நிறம் என்று போட்டு 'இது கொஞ்சம் மென்மை' என்று நம்பவைக்கும் வித்தை அதோடு முடிந்தது. கூடவே 80 சதவீத எச்சரிக்கை.

2010-ல் சிகரெட் நிறுவனமான பிலிப் மாரிஸ் வழக்குப் போட்டது. உருகுவேயின் நீதிமன்றத்தில் அல்ல, உலக வங்கியைச் சேர்ந்த முதலீட்டுத் தகராறு தீர்ப்பாயத்தில். பிடிமானமாக அது எடுத்துக்கொண்டது உருகுவேயும் சுவிட்சர்லாந்தும் செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தம். எங்கள் பிராண்டின் மதிப்பைப் பறித்துவிட்டார்கள், நஷ்டஈடு வேண்டும் என்று 2.5 கோடி டாலர் கேட்டது. வழக்குச் செலவுக்கு நியூயார்க்கின் முன்னாள் மேயர் புளூம்பெர்கின் அறக்கட்டளை கைகொடுத்தது. 2016 ஜூலையில் தீர்ப்பு உருகுவேக்குச் சாதகமாக வந்தது, வழக்குச் செலவுக்காக நிறுவனம் 70 லட்சம் டாலர் தர வேண்டும் என்றும் சொன்னது. வாஸ்கெஸ் 2020-ல் இறந்தார், நுரையீரல் புற்றுநோயால்.

தோற்றது நிறுவனம்தான். ஆனால் வழக்கு நடந்த ஆறு வருடமும் மற்ற நாடுகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றதை எந்தக் கணக்கில் எழுதுவது? டோகோ, நமீபியா போன்ற நாடுகளுக்கு, நீங்கள் திட்டமிடும் விதி வர்த்தக ஒப்பந்தங்களை மீறும் என்று புகையிலை நிறுவனங்களிடமிருந்து கடிதங்கள் போயின. ஒரு கடிதம், அவ்வளவுதான். சர்வதேச வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத அமைச்சகத்துக்கு அது போதும். வாஸ்கெஸ் போல ஒரு டாக்டரும் புளூம்பெர்க் போல ஒரு கோடீஸ்வரரும் எல்லா நாட்டுக்கும் அமைவார்களா?

ஏழை நாடுகள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கின்றன என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியா வெற்றுப் பாக்கெட் சட்டம் கொண்டுவந்தபோது உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தவை கியூபா, ஹோண்டுராஸ், டொமினிகன் குடியரசு, இந்தோனேசியா முதலிய நாடுகள். 2020-ல் இறுதியாகத் தோற்றன. அமெரிக்கா 2009-ல் கிராம்பு சிகரெட்டைத் தடைசெய்து, தன் ஊரில் தயாராகும் புதினா வாசமுள்ள மென்தால் சிகரெட்டை விட்டுவைத்தபோது இந்தோனேசியா வழக்குப் போட்டு 2012-ல் ஜெயித்தது. அந்த வழக்கில் மட்டும் யார் பக்கம் நிற்பது என்று எனக்கே குழப்பம். இந்தோனேசியா உலக உடன்படிக்கையில் இன்றுவரை சேரவில்லை, அங்கே ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் புகைக்கிறார்கள். அதே இந்தோனேசியா 2024-ல் ஒற்றை சிகரெட் விற்பனையைத் தடைசெய்து விதி போட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விளைவிக்கிறவர் கதையும் இதே அன்றாடங்காய்ச்சிக் கணக்குதான். மலாவியின் ஏற்றுமதி வருமானத்தில் பல பத்தாண்டுகளாகப் பெரும்பங்கு புகையிலை இலைக்கு. விதை, உரம் எல்லாம் இலை வாங்கும் நிறுவனத்தின் கடன். அறுவடை முடிந்ததும் அதே நிறுவனம் தரம் பிரித்து, விலை சொல்லி, கடனைக் கழித்து மிச்சத்தைத் தரும். வேறு எந்தப் பயிருக்கும் கையில் முன்பணத்தோடு ஆள் வருவதில்லை. ஈரமான இலையைப் பறிக்கும்போது நிகோடின் தோல் வழியே ஏறி வாந்தியும் தலைச்சுற்றலும் வரும். அதற்குப் 'பச்சைப் புகையிலை நோய்' என்று பெயர். வயலில் பெற்றோரோடு வேலை செய்யும் சிறுவர்களுக்கும் அது வருகிறது, ஒரு சிகரெட்கூடத் தொடாமலே. கென்யாவின் மிகோரி பகுதியில் ஐ.நா. அமைப்புகள் புகையிலை விவசாயிகளுக்கு இரும்புச்சத்து மிகுந்த பீன்ஸ் விதையும் கடனும் கொடுத்து, விளைந்ததை வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு செய்தன. பலர் மாறினார்கள். விதையைவிட வாங்க ஆள் இருக்கிறது என்ற உறுதிதான் அவர்களை மாற்றியது என்று நினைக்கிறேன்.

சரி, மொத்தமாகத் தடை போட்டுவிட்டால்? பூடான் போட்டுப் பார்த்தது. 2004-ல் விற்பனைக்குத் தடை, 2010-ல் கடுமையான சட்டம். 2011-ல் கொஞ்சம் மெல்லும் புகையிலை வைத்திருந்ததற்காக 23 வயது புத்த பிக்கு ஒருவருக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஊரே அதிர்ந்தது. எல்லையில் கடத்தல் நிற்கவில்லை. கொரோனா காலத்தில் கடத்தல்காரர்கள் வழியே கிருமியும் வரும் என்ற பயத்தில் விற்பனையை அனுமதித்தார்கள், 2021-ல் சட்டத்தையே திருத்தினார்கள். தென்னாப்பிரிக்காவும் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பொதுமுடக்கத்தில் சிகரெட் விற்பனையைத் தடுத்தது. புகைத்தவர்களில் பெரும்பாலானோர் பல மடங்கு விலை கொடுத்துக் கள்ளச் சந்தையில் வாங்கினார்கள். இத்தனைக்கும் வரியை முக்கிய ஆயுதமாக வைத்துப் புகைப்பதைப் பெருமளவு குறைத்துக்காட்டிய நாடு அது. மாலத்தீவு இப்போது வேறு வழியில் போகிறது, 2007 ஜனவரி 1-ம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் புகையிலையே விற்கக்கூடாது என்ற சட்டம் 2025 நவம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது. தீவு நாடு என்பதால் எல்லைக் கடத்தல் தலைவலி குறைவாக இருக்கலாம்.

ஒற்றை விற்பனையைத் தடுப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முதல் அபராதம் கட்டப்போவது பெட்டியைத் தட்டித் திரியும் பையன்தான். விற்பதற்கு உரிமம் வேண்டும் என்று கொண்டுவந்து, உரிமம் போகும் என்ற பயத்தை உண்டாக்குவது அதைவிட நியாயம். சிகரெட், பீடி, பொட்டலம் எல்லாவற்றுக்கும் ஒரே சுமையாக வரி விழட்டும். கனடா அச்சிட்டதை நாமும் அச்சிடலாம், அதற்கு ஆராய்ச்சி ஒன்றும் பாக்கியில்லை.

அப்புறம், விட நினைப்பவனுக்கு ஒரு கை. நிகோடின் பட்டையும் சூயிங் கம்மும் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பல ஏழை நாடுகளில் ஒரு வாரத்துக்கான பட்டை, ஒரு வாரத்துக்கான சிகரெட்டைவிட விலை அதிகம். அதுவும் பாக்கெட்டில்தான் கிடைக்கும், ஒற்றையாகக் கிடைக்காது!

மருத்துவரிடம் கிளம்பும்போது, 4.2 என்பது கம்மிதானே என்று கேட்டேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நுரையீரலுக்கு வேணா அப்படிச் சொல்லலாம். இதயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது" என்றார். பிறகு தேடிப் படித்தேன். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற மாரடைப்பு அபாயத்தில் கிட்டத்தட்டப் பாதி கூடுகிறது என்று 2018-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. நாற்பது வயதில் விட்டால், புகைப்பதால் ஆயுளில் இழக்கவிருந்த பத்தாண்டுகளில் ஒன்பதைத் திரும்பப் பெறலாம் என்று ஆய்வாளர் ரிச்சர்ட் டால் ஐம்பதாண்டுக் காலம் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்துச் சொன்னதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. நான் விட்டது முப்பத்தெட்டில்.

விட்டவர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். மிச்சமிருந்த பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் வீசினேன், தண்ணீரில் போட்டேன் என்பார்கள். எனக்கு வீச எதுவும் இல்லை. கடைசி சிகரெட் எது என்றுகூட நினைவில்லை, அதை வாங்கும்போதும் வழக்கம்போல இதோடு சரி என்றுதான் நினைத்திருப்பேன். மூன்று வாரம் வேறு தெரு வழியாக வேலைக்குப் போனேன். பத்து நிமிடம் கூடுதலாகும், வெயில் வேறு. நாலாவது வாரம் பழைய தெருவில் திரும்பினேன். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கடைக்காரர் கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது.